பள்ளிக்கூடத்தில் பதிப்புரிமை: குமரி மாவட்டத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

பள்ளி திறந்த முதல் வாரம் வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே போனாலும் ஜெராக்ஸ் கடை வாசலில் ஆசிரியர்கள் நிற்பார்கள். கையில் ஒரு கைடு இருக்கும், பழைய வினாத்தாள் இருக்கும், இல்லாவிட்டால் போனில் யாரோ அனுப்பிய பி.டி.எஃப். இதையெல்லாம் நகல் எடுக்கலாமா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் சீனியர்களிடமிருந்து இரண்டு வகைப் பதில் வரும். "பள்ளிக்கூடத்துக்குத்தானே, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்பது ஒன்று. "கேஸ் போட்டுருவான், ஒண்ணையும் தொடாதீங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினுடையது. 2012-இல் பெரிய திருத்தம் ஒன்று நடந்தது. அதன் 52ஆம் பிரிவில், உரிமையாளரைக் கேட்காமலே செய்யக்கூடிய காரியங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆசிரியர்களுக்கு அதில் கிடைத்திருக்கும் இடம் தாராளமானது. ஆனால் அந்தத் தாராளம் பாடம் நடக்கும் இடத்தோடு ஒட்டியது. வகுப்புக்காக எடுத்த பொருள் யூடியூபுக்கோ விற்பனைக்கோ ஊர் வாட்ஸ்ஆப் குழுவுக்கோ போகும்போதுதான் தொந்தரவு ஆரம்பிக்கிறது. அதனால் எதைக் கையில் எடுத்தாலும் 'இது யாருடையது' என்று ஒரு தடவையும், 'இது எங்கே போகப் போகிறது' என்று இரண்டு தடவையும் கேளுங்கள்.

முதல் படி: உரிமை இன்னும் இருக்கிறதா?

எழுத்து, இசை, ஓவியம், புகைப்படம் ஆகியவற்றுக்குப் படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அந்த 60 ஆண்டு, அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-இல் தொடங்குகிறது. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டிலிருந்து இதே போல 60 ஆண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்று எதுவும் இல்லை. எழுதி முடித்த கணமே உரிமை வந்துவிடுகிறது. வட்டத்துக்குள் 'சி' போட்ட குறி இல்லாவிட்டாலும்தான்.

நம் ஊர்க்காரர்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மறைந்தது 1954-இல். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கவிதைகளின் உரிமை 2014 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இப்போது அவற்றைச் சுவரில் எழுதலாம், அச்சடிக்கலாம், மெட்டுப் போட்டுப் பாடலாம். பூதப்பாண்டியின் ப. ஜீவானந்தம் 1963 ஜனவரியில் மறைந்தார். அவருடைய எழுத்துகளுக்கு 2023 டிசம்பர் 31 வரை உரிமை இருந்தது. நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி மறைந்தது 2005-இல். அவர் கதைகளுக்கு 2065 முடியும்வரை உரிமை உண்டு.

எழுத்தாளர் மறைந்த பிறகு முதல்முறையாக வெளிவந்த படைப்பு என்றால் கணக்கு வேறு. வெளிவந்த ஆண்டிலிருந்து 60 எண்ண வேண்டும். அரசு வெளியீடுகளுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60தான்.

தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு வசதி இருக்கிறது. அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அந்த நூல்களை 60 ஆண்டுக்குக் காத்திருக்காமல் யாரும் அச்சிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றில் நிறைய கிடைக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழுவது அடுக்கு விஷயத்தில். கவிமணியின் பாட்டு பொதுவாகிவிட்டது; ஆனால் அதற்கு இப்போதைய ஒருவர் எழுதிய விளக்கவுரை அவருடையது. யாரோ மெட்டுப் போட்டு, ஒரு நிறுவனம் பதிவு செய்து வெளியிட்டிருந்தால், மெட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்கு ஒரு உரிமை. திருக்குறளும் அப்படித்தான். குறள் எல்லாருக்கும் உரியது. சென்ற ஆண்டு வெளிவந்த குறள் உரை அதை எழுதியவருக்கு உரியது. மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. விளவங்கோடு பக்கத்து மலையாள வழிப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போனாலும் இது மத்தியச் சட்டம்தான், கணக்கு மாறாது.

இரண்டாம் படி: வகுப்புக்குள் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். 52ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் 'ஐ' (i) என்ற ஆங்கில எழுத்திட்ட பகுதி, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகல் எடுப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது. தேர்வுக் கேள்வியில் சேர்ப்பதும் அந்தக் கேள்விக்கான பதிலில் எழுதுவதும் அதே பகுதியில் வருகின்றன. காலாண்டுத் தேர்வில் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தாளரின் பத்தியைக் கொடுத்து 'படித்துப் பதில் எழுதுக' என்று கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இந்தப் பகுதி எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி என்ற கடை, பாடத்திட்டப்படி பல நூல்களிலிருந்து பக்கங்களை நகல் எடுத்துத் தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்குக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு, கற்பித்தல் என்பதற்கு விரிவான பொருள்தான் கொள்ள வேண்டும், கற்பிக்கும் நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம் என்றது. ஆனால் அந்தத் தொகுப்புகளில் இருந்தவை உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைப்பட்டவையா என்பதை விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது என்ன? 'பத்து சதவீதம்வரை எடுக்கலாம்' என்று பலர் சொல்வார்கள். நம் சட்டத்தில் அப்படி எந்தச் சதவீதமும் இல்லை. பாடத்துக்குத் தேவையா என்பதே அளவுகோல். எட்டாம் வகுப்புக்கு ஒரு சிறுகதை வேண்டுமென்றால் அந்தக் கதை முழுவதையும் எடுக்கலாம் என்று நான் துணிந்து சொல்வேன். அதற்காக அந்தக் கதை இருக்கும் 200 பக்கத் தொகுப்பையே நாற்பது பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டால், 'தேவை' என்று சொல்லி நிற்க முடியாது. கடையில் கிடைக்கும் கைடையும் பயிற்சி நோட்டையும் முழுதாக நகல் எடுப்பதும் இதே ரகம். ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் வாங்க வேண்டும் என்றே விற்கப்படும் பொருளை முழுசாக ஜெராக்ஸ் எடுத்தால் அந்த விற்பனையைத்தான் தட்டிப் பறிக்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்த பக்கங்களை உங்கள் வகுப்புக்காகக் கடைக்காரர் நகல் எடுத்துத் தருவதில் சிக்கல் இல்லை. அதே கடைக்காரர் ஒரு மாஸ்டர் காப்பி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்றால் அது அவர் வியாபாரம், உங்கள் சலுகைக்குள் வராது. மாஸ்டர் காப்பியைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

டியூஷன் சென்டர், டி.என்.பி.எஸ்.சி., நீட் கோச்சிங் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் 'ஆசிரியர்' என்கிறதே தவிர பள்ளிக்கூட ஆசிரியர் என்று சொல்லவில்லை. ஆனாலும் கட்டணத்தோடு சேர்த்து 'மெட்டீரியல்' விற்கிற இடத்தில் இந்தப் பகுதியை நம்பி உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொந்தமாக நோட்ஸ் எழுதுங்கள். செய்திகளுக்கும் சூத்திரங்களுக்கும் வரலாற்று ஆண்டுகளுக்கும் யாருக்கும் உரிமை இல்லை. ஒருவர் அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை.

மூன்றாம் படி: போனில் அனுப்பும்போது

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் மழை லீவு, நவம்பரிலும் மழை லீவு. கலெக்டர் அறிவித்த அரை மணி நேரத்தில் வகுப்புக் குழுவில் "மக்களே, இதைப் படிச்சிட்டு வாங்க" என்று ஒரு கோப்பு வந்து விழும். அந்தக் கோப்பு நீங்கள் நடத்தும் பாடத்துக்கான நாலு பக்கமாக இருந்து, குழுவில் உங்கள் பிள்ளைகளும் பெற்றோரும் மட்டும் இருந்தால், அதைக் கற்பித்தலின் பகுதி என்று சொல்ல நல்ல நியாயம் இருக்கிறது. முழுப் புத்தகத்தின் பி.டி.எஃப். என்றால் அந்த நியாயம் மெலிந்துவிடும். அதையே மாவட்ட அளவிலான ஆயிரம் பேர் டெலிகிராம் குழுவில் போட்டால் நியாயமே கிடையாது. அது பிரசுரம் செய்வதுதான்.

முடிந்தபோதெல்லாம் கோப்புக்குப் பதில் இணைப்பை அனுப்புங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அரசின் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கக் கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. பாடநூலை அச்சிட்டு விற்கவோ அதன் பக்கங்களை வைத்துக் கைடு போடவோ அனுமதி வேண்டும். மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சி, தீக்ஷா தளம் எல்லாவற்றுக்கும் இணைப்பு கொடுத்தாலே போதும்.

'ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டேன், அதனால் பரவாயில்லை' என்பது இன்னொரு நம்பிக்கை. பெயர் போடுவது கட்டாயம் செய்ய வேண்டிய மரியாதை. சட்டத்தின் 57ஆம் பிரிவும் படைத்தவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் அது அனுமதிக்கு ஈடாகாது. 'நான் காசு வாங்கவில்லையே' என்பதும் அப்படித்தான்.

நான்காம் படி: ஆண்டு விழா

ஒரு பள்ளிக்கு நிஜமாகப் பிரச்சினை வருகிற இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அதே 52ஆம் பிரிவில் 'ஜே' (j) என்ற பகுதி சொல்வது இது: பள்ளியின் நடவடிக்கையாக, ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்தலாம்; திரைப்படத்தையோ ஒலிப்பதிவையோ போடலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒரு வழக்கமான நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொள்வோம். முதலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வில்லுப்பாட்டு. வழிவழியாகப் பாடிவரும் கதையும் மெட்டும் யாருக்கும் தனிச் சொத்தில்லை. பக்கத்து ஊர்ப் புலவர் ஒருவர் இதற்கென்றே எழுதிக் கொடுத்தது என்றால் எழுத்து அவருடையது. மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள், பிறகு வேறெங்கும் பயன்படுத்துவதானால் கேளுங்கள். அடுத்து சினிமாப் பாட்டுக்கு நடனம். மைதானத்தில் பெற்றோர்தான் இருக்கிறார்கள் என்றால் 'ஜே' காப்பாற்றும். அதற்கடுத்து ஒரு நாடகம், அச்சில் வந்த ஒரு கதையை ஆசிரியரே நாடகமாக்கியது. அரங்கேற்றம் சரி. அந்த நாடகத்தைப் பின்னால் புத்தகமாகப் போட நினைத்தால் கதையாசிரியரின் அனுமதி வேண்டும்.

கடைசியில் வெளியிலிருந்து ஓர் இன்னிசைக் குழு வருகிறது. இங்கே 'ஜே' கைவிட்டுவிடும், ஏனென்றால் பாடுபவர்கள் ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. டிக்கெட் போட்டுக் கட்டட நிதி திரட்டும் விழா, ஊர் முழுக்க அழைக்கும் பொதுக்கூட்டம் ஆகியவையும் வட்டத்துக்கு வெளியே. இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் பாடல் வரி, இசைக்கான உரிமம் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்திடமும், பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிடும் உரிமம் அந்த இசை நிறுவனத்திடமோ அதன் சார்பில் உரிமம் தருபவரிடமோ வாங்க வேண்டும். உரிமத்தை யார் வாங்குவது என்பதைக் குழுவோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது நேரலை. நம் மாவட்டத்தில் பாதி அப்பாக்கள் கல்ஃபிலோ கப்பலிலோ இருக்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் யாருக்கும் புரியும். பிள்ளை ஆடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். அதற்காகப் பள்ளியின் யூடியூப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி நேரலை விட்டால், பார்வையாளர் வட்டம் உடைந்தது, 'ஜே'வும் போயிற்று. அதற்குப் பதில் பெற்றோருக்கு மட்டும் இணைப்பு கொடுத்து ஜூம், கூகுள் மீட் போன்றவற்றில் காட்டுங்கள். பார்ப்பவர் பெற்றோராகவே இருப்பதால் சட்டத்தின் சொற்களுக்குள் நிற்க இடம் இருக்கிறது. யூடியூபில் 'பட்டியலிடாத' வீடியோவாகப் போட்டாலும் அதன் தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்துவிடும். 'முப்பது நொடி மட்டும் போட்டால் பிடிக்காது' என்று விழா வீடியோ எடுக்கிறவர் சொல்வார். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

இதே நடனத்தைக் கோயில் கொடை மேடையிலோ சர்ச் கிறிஸ்துமஸ் மேடையிலோ ஆடச் சொன்னால், பள்ளிச் சலுகை கூடவே வராது. அதற்குச் சட்டத்தில் வேறு பகுதிகள் இருக்கின்றன. அதை விழாக் குழு பார்த்துக்கொள்ளட்டும்.

வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் படம் காட்டுவதும் 'ஜே'க்குள் அடங்கும். திருட்டுத்தனமாக இறக்கிய பிரதியைக் காட்டாதீர்கள். ஓ.டி.டி. தளங்களின் சந்தா, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரலாம். அது சட்டத்துக்கு மேல் தனி ஒப்பந்தம்.

படங்கள்

வள்ளுவர் சிலையைப் பிள்ளைகள் வரையலாம், போட்டோ எடுக்கலாம், அதை ஆண்டு மலர் அட்டையில் போடலாம். பொது இடத்தில் நிலையாக வைத்திருக்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட 52ஆம் பிரிவே இடம் தருகிறது. ஆனால் வேறொருவர் சூரிய உதயத்தில் காத்திருந்து எடுத்த சிலைப் படத்தை இணையத்திலிருந்து எடுத்து அதே அட்டையில் போட்டால், அது அந்தப் புகைப்படக்காரரின் உரிமை. கன்னியாகுமரிக்கு ஒரு பஸ் ஏறினால் முடிகிற காரியத்துக்குக் கூகுளில் தேடுவானேன்? போக முடியாவிட்டால் விக்கிமீடியா காமன்ஸில் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமமும் எடுத்தவர் பெயரும் இருக்கும்; இரண்டையும் அப்படியே அச்சிடுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள்

தயங்கவே வேண்டாம். அவர்களுக்காக முழுப் புத்தகத்தையும் பிரெயிலிலோ ஒலிப் புத்தகமாகவோ பெரிய எழுத்திலோ மாற்றலாம். 2012 திருத்தத்தில் வந்த வசதி இது. லாபம் வைக்கக் கூடாது, மற்றப் பிள்ளைகளின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் எழுத்து, பிள்ளைகளின் எழுத்து

வேலையின் பகுதியாக நீங்கள் தயாரிக்கும் பாடக்குறிப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். தனியார் பள்ளியில் சேர்கிறவர்கள் நியமனக் கடிதத்தில் இது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பதிப்பகத்துக்குக் கைடு எழுதிக் கொடுப்பதானால் உரிமையை எழுத்தில் மட்டுமே மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நிரந்தரமாக' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதிய கவிதை அந்தப் பிள்ளையுடையது. ஆண்டு மலரில் போடும்போது பெற்றோரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அனுமதிக் கடிதம்

ஆண்டு மலர், வெளியீடு, இணையதளம் என்று வகுப்பைத் தாண்டிப் போகிற எதற்கும் கேட்டுவிடுவது நல்லது. பலர் தயங்குகிறார்கள், கேட்டால் மறுப்பார்கள் என்று பயம். பள்ளிக்கூடம் என்றால் சும்மாவே தருகிற எழுத்தாளர்கள் உண்டு. புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு, பள்ளியின் லெட்டர்பேடில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, எங்கள் பள்ளி கல்குளம் வட்டத்தில் இருக்கிறது. தங்கள் வெளியீடான இன்ன நூலின் 41 முதல் 46 வரையுள்ள பக்கங்களை எங்கள் ஆண்டு மலரில் வெளியிட விரும்புகிறோம். 600 பிரதிகள் அச்சிட்டு மாணவர்களுக்கு இலவசமாகத் தருவோம். இணையத்தில் ஏற்ற மாட்டோம். ஆசிரியர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் அச்சிடப்படும். கட்டணம் உண்டென்றால் தெரிவிக்க வேண்டுகிறோம். அனுமதி தரும் உரிமை வேறொருவரிடம் இருந்தால் அவர் முகவரியைத் தந்து உதவ வேண்டுகிறோம்."

எந்தப் பக்கம், எத்தனை பிரதி, இலவசமா விற்பனையா, அச்சா இணையமா என்ற நான்கும் இருந்தால் பதில் சீக்கிரம் வரும். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்த பதிலை மலரின் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்புக்கு வருகிறவர் உங்களைத் தேடி அலைய வேண்டாம்.

புகார் வந்தால்

சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருப்பது உண்மை. வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தால் எந்த நூல், எந்தப் பக்கம், உரிமை அவர்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று பாருங்கள். விநியோகத்தை அன்றே நிறுத்துங்கள். பதிலைத் தலைமையாசிரியரோ நிர்வாகமோ வக்கீலைக் கேட்டு அனுப்பட்டும். வாட்ஸ்ஆப்பில் 'தெரியாமல் செய்துவிட்டோம், மன்னிக்கவும்' என்று நீங்களாக ஒன்றைத் தட்டி விடாதீர்கள்.

ஆனால் உங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் யூடியூபின் மின்னஞ்சலாகத்தான் இருக்கும். அதில் இரண்டு வகை. 'க்ளைம்' என்று வந்தால், பாட்டின் உரிமையாளர் அந்த வீடியோவில் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம், அல்லது அதைத் தடுக்கலாம். அதனாலேயே உங்கள் சேனலுக்குக் கரும்புள்ளி விழாது. அந்தப் பகுதியை வெட்டுங்கள், அல்லது யூடியூப் தரும் வசதியில் பாட்டை மட்டும் நீக்குங்கள். 'ஸ்ட்ரைக்' என்று வந்தால் கவனம் வேண்டும். ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் 90 நாள் நிற்கும். அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும், அதில் கிடக்கும் பாட வீடியோக்களும் சேர்ந்து. அதனால் பாட வீடியோவுக்கு ஒரு சேனல், விழா வீடியோவுக்கு வேறு கணக்கில் இன்னொரு சேனல் என்று முதலிலேயே பிரித்து வையுங்கள். பாட வீடியோக்களின் ஒரு பிரதி பள்ளியின் ஹார்டு டிஸ்கிலும் இருக்கட்டும்.